கொள்ளைநோயும் ஆட்சியாளரின் அமானத்தும்

 

அமானத்துகளை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், மக்களிடையே தீர்ப்புச் செய்தால் நீதியுடன் செய்ய வேண்டும் என்றும் அல்லாஹுத்தஆலா ஸூரத்துன் நிஸாவின் 58ஆவது ஆயத்தில் கட்டளையிடுகின்றான். அமானத்து என்றதும் நம்மில் பலருக்கு, அண்டை வீட்டார் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன நகையும் பணமுந்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஆயத்து ஆட்சிப் பொறுப்பில் இருப்போரைக் குறித்ததென்று குர்ஆன் விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். நம் ஒவ்வொருவரையும் மேய்ப்பாளர் என்றும், தன் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்றும் எச்சரித்த நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், அந்த வரிசையில் முதலாவதாகச் சொன்னது ஆட்சித் தலைவரைத்தான்.

மறுமையில் விசாரணை உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. இம்மையில்? கொள்ளைநோய் பரவும் நாளில் அரசாங்கம் ஓர் உத்தரவு போடுகின்றது. அதற்கு ஆதாரம் என்ன என்று ஒரு முஸ்லிம் கேட்கலாமா? கேட்பது பித்னாவா, கடமையா? கொரோனாக் காலத்தில் நம் வீட்டுத் திண்ணைகளில் இருவிதப் பேச்சு நடந்தது. நோய்க் காலத்தில் அதிகாரிகள் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசக்கூடாது, பொறுத்துக்கொள்வதே ஸப்ரு என்றனர் ஒரு சாரார். மறு சாராரோ, பள்ளிவாசலை மூடியதும் ஊசி போடச் சொன்னதும் எல்லாமே நமக்கெதிரான சூழ்ச்சி என்றனர். இவ்விரண்டுமல்லாத ஒரு வழியை ஸஹாபாப் பெருமக்கள் நமக்குக் காட்டிச் சென்றிருக்கின்றார்கள்.

கலீபா உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, ஹிஜாஸின் எல்லையை அடுத்த ஸர்கு என்னும் இடத்தை அடைந்தபோது, படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களும் தோழர்களும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் தாஊன் பரவிவிட்டது என்று அறிவித்தார்கள். போவதா, திரும்புவதா? உமர் (ரலி) அவர்கள் தாமாக முடிவு கட்டவில்லை. முதல் முஹாஜிர்களை அழைத்து வரச் செய்து ஆலோசனை கேட்டார்கள். அவர்களிடையே கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளை அழைத்தார்கள். அவர்களும் அப்படியே வேறுபட்டனர். பிறகு குறைஷிகளில் மூத்தவர்களை அழைத்தார்கள். திரும்பிச் செல்வதே நலம், மக்களை இந்த நோய்க்குள் கொண்டுபோய் விடலாகாது என்று அவர்கள் ஒருமுகமாகக் கூறினர். காலையில் திரும்புகிறோம் என்று கலீபா அவர்கள் மக்களிடையே அறிவிக்கச் செய்தார்கள்.

அப்போதுதான் அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா தப்பி ஓடுகிறோம் என்று கேட்டார்கள். கேட்டவர் சாமானியரல்லர், இந்த உம்மத்தின் அமீன் என்று நாயகம் (ஸல்) அவர்களால் சிறப்பிக்கப்பட்டவர். கேட்கப்பட்டவரும் சாமானியரல்லர். ஆயினும் உமர் (ரலி) அவர்கள் சினந்து அவரை விலக்கிவிடவில்லை. இதை நீரல்லாத வேறொருவர் கேட்டிருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்துப்பட விடையளித்தார்கள். ஒட்டகம் மேய்ப்பவன் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகின்றான். ஒரு கரை பசுமை, மறு கரை வறட்சி. எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று உவமை சொல்லியும் விளக்கினார்கள்.

அதுவரை வேறு வேலையாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்கள் வந்து சேர்ந்தார்கள். இது பற்றித் தம்மிடம் இல்மு உண்டு என்றார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்குப் பயந்து வெளியேறவும் வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைத் தாம் செவியுற்றதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தவர்களாகத் திரும்பினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. அபூ உபைதா (ரலி) அவர்கள் பின்னர் ஹிஜ்ரி 18இல், அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாறு குறிப்பிடும் அந்த நோயிலேயே வபாத்தானார்கள்.

இந்தச் சம்பவத்தை நம் மேடைகளில் பெரும்பாலும் கத்ரைப் பற்றிய பாடமாகவே சொல்லி முடித்துவிடுகின்றோம். அதில் ஆட்சியைப் பற்றிய பாடமும் இருக்கின்றது. நோயைக் குறித்து முடிவெடுக்குமுன் ஆட்சியாளர் மூன்று முறை மஷூரா செய்கின்றார். அறிவித்த பின்னும் பகிரங்கமாகக் கேள்வி கேட்க இடம் கொடுக்கின்றார். கேட்டவருக்குக் காரணம் சொல்லுகின்றார். அறிவுள்ளவர் ஆதாரத்துடன் வரும்போது அதை மகிழ்ந்து ஏற்கின்றார். கேட்ட அபூ உபைதா (ரலி) அவர்களையும் எவரும் கலகக்காரர் என்று சொல்லவில்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் இலங்கை நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

2020 மார்ச் மாத இறுதியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட முதல் வழிகாட்டல், கொரோனாவால் இறந்தவரை அடக்கம் செய்யவும் இடம் கொடுத்திருந்தது. சில நாட்களுக்குள் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11இல் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல், யாராயினும் தகனமே செய்யப்பட வேண்டும் என்று சட்டமாக்கியது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 24ஆம் தேதி வழிகாட்டலில், தொற்றுநோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்பது ஒரு தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தது. பக்கத்து நாடான இந்தியாவில் இதே அச்சத்தைக் கிளப்பி, பம்பாய் பாந்திரா மையவாடியில் அடக்கம் செய்யக்கூடாதென்று வழக்குப் போட்டபோது, பிரேதத்தால் நோய் பரவும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று கண்டு, 2020 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளிவாசல்களை மூடச் சொன்னார்கள், ஜும்ஆவையே விட்டோம். ரமளானில் தராவீஹை வீட்டில் தொழுதோம். பெருநாள் தொழுகைக்கும் திடலுக்குப் போகவில்லை. அந்த ஆண்டு ஹஜ்ஜும் ஸவூதியில் வசித்த மிகச் சிலருக்கே வாய்த்தது. மையித்தைக் குளிப்பாட்டுவதில் ஆபத்து என்றபோது, தயம்மும் போதும் என்று ஆலிம்கள் பத்வா தந்தனர். காரணம் விளங்கிய இடத்திலெல்லாம் இந்தச் சமூகம் கீழ்ப்படிந்தது. குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழுதல், அடக்குதல் என்ற நான்கு பர்ளு கிபாயாக்களில் மூன்றின் முறையைச் சுருக்கிக்கொள்ளச் சம்மதித்தவர்கள், நான்காவதைக் கைவிடச் சொன்னபோதுதான் ஆதாரம் கேட்டார்கள். காபில் தன் சகோதரனைக் கொன்றுவிட்டுச் செய்வதறியாது நின்றபோது, மண்ணைத் தோண்டிக் காட்ட ஒரு காகத்தை அல்லாஹ் அனுப்பினான் என்று ஸூரத்துல் மாயிதா கூறுகின்றதே, மனித குலத்துக்குக் கற்பிக்கப்பட்ட அந்த முதல் அடக்கத்தை விட்டுவிடச் சொன்னால் கேட்காமல் எப்படி இருப்பது?

கேட்ட முறையைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கல்லெறியவில்லை, கடைக்குத் தீ வைக்கவில்லை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். 2020 டிசம்பர் 1ஆம் தேதி, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், விசாரணைக்கே எடுக்காமல் அவை தள்ளுபடியாயின, காரணமும் விளக்கப்படவில்லை. அடுத்த வாரமே, பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையின் ஜனாஸா, பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளையில் எரிக்கப்பட்டது. அந்த மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். கபன் புடவையின் நிறம் அது. இரவோடிரவாக அவிழ்த்து எடுத்தார்கள். மக்கள் மீண்டும் கட்டினார்கள். முஸ்லிமல்லாத சகோதரர்கள் பலரும் வந்து கட்டினார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இல்மு உள்ளவர்களும் மௌனமாக இருக்கவில்லை. சுகாதார அமைச்சே அமைத்த ஒரு நிபுணர் குழு, பாதுகாப்பான முறையில் அடக்கமும் செய்யலாம் என்று டிசம்பரில் பரிந்துரைத்தது. சமுதாய மருத்துவர்கள் கல்லூரி அந்த ஆண்டின் கடைசி நாளிலும், இலங்கை மருத்துவச் சங்கம் 2021 ஜனவரியின் தொடக்கத்திலும், அடக்கத்தால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அறிக்கை விட்டன. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்களைப் போல, அறிந்ததை அறிந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கேட்கத்தான் காதில்லை. பெப்ரவரி 10ஆம் தேதி அன்றைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ அடக்கம் அனுமதிக்கப்படும் என்று பாராளுமன்றத்தில் கூறினார்; அந்த வாக்கும் உடனே நிறைவேறவில்லை. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து சென்ற பின், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியிருந்த வேளையில், பெப்ரவரி மாத இறுதியில் வர்த்தமானி திருத்தப்பட்டது. அந்தச் சில நாட்களில் நிலத்தடி நீர் மாறிவிட்டதா? கிருமி மாறிவிட்டதா? சுகாதாரம்தான் காரணமென்றால் டிசம்பரிலேயே மாற்றியிருக்கலாம்.

அதன் பிறகும் ஒரு சோதனை வந்தது. கிளிநொச்சியை அடுத்த இரணைதீவில் அடக்கலாம் என்று மார்ச் 2ஆம் தேதி அறிவித்தார்கள். அது கத்தோலிக்க மீனவக் குடும்பங்களின் மண். இடம்பெயர்ந்து பல்லாண்டு அலைந்து, போராடித் திரும்பி வந்தவர்கள் அவர்கள். அவர்கள் எதிர்த்தார்கள், எதிர்த்ததில் நியாயமிருந்தது. நம்முடைய உரிமையை இன்னொரு ஏழையின் முற்றத்தில் வைத்துத் தருவதை நாம் எப்படி வாங்கிக்கொள்வது? முடிவில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மக்கள் மஜ்மா நகரில் இடம் தந்தார்கள். 2021 மார்ச் 5இல் அங்கே முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2022 மார்ச் வரை அந்த ஒரே இடத்தில் 3,000க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் கிறிஸ்தவரும் உண்டு, இந்துக்களும் பௌத்தரும் உண்டு. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தந்தையின் கபுறை ஸியாரத் செய்ய நாள் முழுதும் பிரயாணம் செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

2024 ஜூலை மாதத்தில் அமைச்சரவை பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. பலவந்தமாகத் தகனம் செய்யப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அப்போது செய்திகள் கூறின. மன்னிப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அடகு வாங்கியவர் நகையைத் தொலைத்துவிட்டு வருத்தம் தெரிவித்தால் மட்டும் அமானத்து தீர்ந்துவிடுமா? எப்படித் தொலைந்தது, யார் கையால் தொலைந்தது என்று சொல்ல வேண்டாமா? மார்ச் மாதத்து வழிகாட்டலை மாற்றச் சொன்னவர்கள் யார், எந்த ஆய்வைக் காட்டிச் சொன்னார்கள், நிபுணர்களின் பரிந்துரை கையில் இருந்தும் ஏன் இரண்டு மாதம் தாமதித்தார்கள் என்பவற்றுக்கு விடை தருவதும் அந்த மன்னிப்பில் சேர்ந்ததே.

கேட்கிற நமக்கும் ஒரு நிபந்தனை உண்டு. செய்தி கொண்டுவருபவன் பாஸிக்காயின் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் நம்மைப் பார்த்துத்தான் சொல்லுகின்றான். அரசாங்கத்திடம் ஆதாரம் கேட்டுவிட்டு, கைப்பேசியில் யாரோ அனுப்பிய வதந்தியை நம்பித் தடுப்பூசியைத் தட்டிக்கழித்த வீடுகளும் நம்மிடையே இருந்தன. அந்த அளவுகோல் ஆட்சியாளருக்கு மட்டும் உரியதன்று.

தகனம் செய்யப்பட்டோரின் வீட்டார் இன்றும் ஆலிம்களிடம் வந்து கேட்பது, எங்கள் வாப்பாவுக்கு மறுமையில் என்ன நிலை என்பது. மனம் கலங்க வேண்டாம். கொள்ளைநோயில் இறந்த முஃமினுக்கு ஷஹீதின் நன்மை உண்டென்று ஹதீஸில் வந்துள்ளது. முற்காலத்தில் ஒருவர் தம் உடலை எரித்துச் சாம்பலைக் காற்றில் தூவிவிடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி இறந்தார். அல்லாஹ் அவரை ஒன்றுசேர்த்து, தன்னை அஞ்சியே அப்படிச் செய்தார் என்பதற்காக மன்னித்தான் என்றும் புகாரியில் உள்ளது. தாமே சொல்லி எரிக்கப்பட்டவருக்கே அந்தக் கருணை என்றால், சம்மதமின்றி எரிக்கப்பட்டவர் மீது என்ன குற்றம்?

அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனை தந்த பரிசோதனை அறிக்கை, மரணச் சான்றிதழ், கையொப்பம் வாங்கிய தாளின் பிரதி, பணம் கட்டிய ரசீது எதையும் எறிந்துவிடாதீர்கள். எந்தத் தேதி, எந்த மயானம், உடன் நின்றவர் யார் என்பதை நினைவுள்ள பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி, ஒரு பிரதியை உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொடுத்து வையுங்கள். எழுதத் தெரியாத வீட்டாருக்கு மஹல்லாவின் வாலிபர்கள் போய் எழுதிக் கொடுக்கட்டும்.