காட்டிற்கு விலை கூறலாமோ?

சந்தையில் விலை போகாத பொருளுக்கு மதிப்பு உண்டோ என்பது பழைய வினா. இன்று அவ்வினா நம் நாட்டின் சட்டத்திலும் அரசாங்கக் கணக்கிலும் இடம் பெற்றுவிட்டது. ஒரு காட்டை அழித்துச் சுரங்கம் தோண்டலாமா என முடிவு செய்வோர், நன்மையை ஒரு தட்டிலும் இழப்பை மறு தட்டிலும் இட்டு நிறுத்துப் பார்க்கின்றனர். அத்தராசு நேர்மையானதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

காட்டிற்கு விலை கூறுவதே குற்றம் என்பர் சிலர். நாம் அவ்வாறு கூறோம். முன்னாளில் காட்டின் மதிப்பு என்றால் வெட்டி விற்கும் மரத்தின் மதிப்பே. ஊற்று வற்றாமல் காப்பதும், மண் அரிக்காமல் தடுப்பதும் கணக்கில் சேரவில்லை. ஆகவே அவற்றை அழித்தோர் ஈடு தர வேண்டியதும் இல்லாதிருந்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்குக் கொள்வோர் அதன் 'நிகர தற்போதைய மதிப்பை'ச் செலுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் 2002-ஆம் ஆண்டில் பணித்தது. 2008-இல் அத்தொகை, காட்டின் வகைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப, ஹெக்டேருக்கு 4,38,000 ரூபாய் முதல் 10,43,000 ரூபாய் வரை என வகுக்கப்பட்டது; 2022-இல் உயர்த்தவும்பட்டது. கணக்கிடாமல் விடுவதினும் கணக்கிடுதல் மேலானதே.

எனினும் இக்கணக்கில் இரு குறைகள் உள. முதலாவது, காலம் பற்றியது. வருங்காலப் பயனை இன்றைய பணமாக மாற்றும்போது ஆண்டுதோறும் ஒரு விழுக்காடு கழிப்பர். ஆண்டுக்கு 5 விழுக்காடு கழித்தால், 100 ஆண்டுக்குப் பின் கிட்டும் 100 ரூபாய் இன்று 76 காசே பெறும். அந்நாளில் நீரின்றி வாடும் குழந்தையின் தாகம் நம் தாகத்தினும் சிறிதோ? பின்னே பிறந்தான் என்பது அக்குழந்தையின் பிழையன்று.

இரண்டாவது, மக்களைப் பற்றியது. நன்மையின் மொத்தம் இழப்பின் மொத்தத்தை மிஞ்சினால் திட்டம் தக்கது என்பது பொருளியலாரின் விதி. இழந்தோர்க்கு ஈடு செய்ய இயலும் என்றாலே அவ்விதிக்குப் போதும். உண்மையில் ஈடு செய்தாக வேண்டும் என்று அது கோருவதில்லை. மின்விளக்கு ஓர் ஊரில் எரிய, வேறோர் ஊர் தன் நிலத்தை இழக்கிறது. கூட்டுத்தொகையில் இருவரும் ஒன்றாகிவிடுகின்றனர். துன்பமோ ஒருவருக்கே உரியதாக நிற்கிறது.

சாக்கியரும் கோலியரும் ரோகிணி ஆற்று நீருக்காகப் படை திரட்டி நின்றபோது புத்தர் பெருமான் ஆங்குச் சென்ற வரலாற்றை அன்பர்கள் அறிவர். நீரின் மதிப்பு என்ன, சிந்தப்போகும் குருதியின் மதிப்பு என்ன என்று பெருமான் வினவினார் என அட்டகதைகள் கூறும். நீர் சிறு மதிப்பினது, உயிரோ விலைமதிப்பற்றது என்று அவர்களே விடையிறுத்தனர். பெருமான் தராசை வெறுக்கவில்லை. தட்டில் வையாது விட்டதை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்தார்.

இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று நம் காலத்திலும் நடந்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டத் திட்டமிட்டனர். அம்மலை டோங்கிரியா கோந்து மக்களின் வாழ்விடம். அவர்கள் வழிபடும் நியமராஜாவின் இருப்பிடம். சுரங்கத்தால் தம் சமய உரிமைகளும் வாழ்வும் பாதிக்கப்படுமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே ஆராயட்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

பசித்தவனுக்குக் கூலி வேண்டாமோ எனச் சிலர் கேட்கக்கூடும். வேண்டும், அதுவும் தட்டில் ஏற வேண்டியதே. ஆயின் ஏழையின் பெயரைச் சொல்லி மற்றோர் ஏழையின் மலையை எடுப்போர், இருவரையும் கேட்ட பின்னரே எடுத்தனரா என்பதே நம் வினா.

நம் முன்னோரின் உழைப்புக்குப் பிறரே விலை குறித்தனர். அவர்தம் சொல்லை எவரும் கேட்டாரில்லை. அவ்வழி வந்த நாம், பிறர் குறித்த விலையை நீதி என எளிதில் நம்புதல் தகாது. நம் ஊரில் ஏரியைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பலாம் என்ற பேச்சு வரும் நாளிலும், பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு, இழப்போர் கேட்கப்பட்டனரா என வினவுவோமாக. பயன் நமக்கே வருவதாயினும் அவ்வினாவை விடாதிருத்தல் நம் கடமை.