அற்புதமும் அளவையும்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழி நோக்கிச் செல்லும் கரிசற்காட்டு ஊர்களில், குழந்தை நோயுற்றாலும் மழை பொய்த்தாலும் மக்கள் கோடாங்கியை நாடுதல் நெடுநாளைய வழக்கு. உடுக்கை ஒலிக்க அவன்மேல் தெய்வம் இறங்கிற்று என்பர். அவன் வாய்ச்சொல்லை இறந்தார் சொல்லெனக் கேட்டு அழுவாரும் உளர். கற்றோர் இதனை எள்ளி நகையாடுவர். அங்ஙனம் நகையாடுவோருள்ளேயே, மேல்நாட்டார் ஒருவர் கட்புலனாகா உலகத்தோடு பேசுகின்றார் எனக் கேட்டவுடன் கைகட்டி நிற்பார் பலர். அது நிற்க. அற்புதம் ஒன்று நிகழ்ந்ததெனின், அதனை நிகழ்த்தினார் கூறும் கொள்கையும் மெய்யென்று கோடல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

இதற்கு நம் தமிழகத்திலேயே நிகழ்ந்த பெரியதொரு சான்று பிளாவட்ஸ்கி அம்மையார் வரலாறு. 1831 இல் உருசியப் பேரரசிற் பிறந்த இவர், 1875 இல் நியூயார்க் நகரில் கர்னல் ஆல்காட் முதலியோரோடு பிரமஞான சபையை நிறுவி, 1879 இல் பம்பாய்க்கு வந்து, 1882 இறுதியில் சென்னை அடையாற்றிற் குடியேறினார். கண்காணாத் தொலைவில் வாழும் மகாத்துமாக்கள் தமக்கு ஆசிரியர் என்றும், அவர்தம் கடிதங்கள் மனித உதவியின்றியே வந்து சேரும் என்றும் அறிவித்தார். அவரது படுக்கையறையை ஒட்டிய சுவரில் மரப்பேழை ஒன்று தொங்கவிடப்பட்டிருந்தது. அதனுள் ஓலை இட்டுக் கதவடைத்துத் திறப்பின், விடை இருக்கக் காண்பர். 1883 ஆகஸ்டில் தளபதி மார்கன் என்பார் காணச் சென்றகாலைப் பீங்கான் தட்டொன்று பேழையினின்று விழுந்து நொறுங்கிற்று. துண்டுகளை உள்ளிட்டு அடைத்துச் சிறிது பொழுதிற்குப்பின் திறக்க, முழுத்தட்டு இருந்தது. கண்டார் வியந்தனர்.

மறு ஆண்டே வியப்பு வழக்காயிற்று. அவ்வில்லத்தில் பணிபுரிந்த கூலோம் தம்பதியர், அம்மையார் ஐரோப்பாவில் இருந்தபோது சபையினின்று நீக்கப்பட்டனர். உடனே, அவர் தமக்கு எழுதியனவென்று சில கடிதங்களைப் பாதிரிமாரிடம் கொடுத்தனர். 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இதழ் அவற்றை வெளியிட்டது. பேழையின் பின்னே நகரும் பலகைகளைத் தாமே அமைத்ததாகவும், அஃது அம்மையார் ஏவலென்றும் கூலோம் கூறினார். தம்மைக் கெடுத்தற்பொருட்டுத் தாம் இல்லாதபோது செய்த சூழ்ச்சி அஃதென்று அம்மையார் மறுத்தார். இலண்டன் ஆவியாராய்ச்சிக் கழகத்தார் விடுத்த ஹாட்ஜ்ஸன் என்பார் அவ்வாண்டு டிசம்பரில் வந்து ஆராய்ந்தார். 1885 இல் வெளிவந்த அவர் அறிக்கை அம்மையாரைத் தேர்ந்த ஏமாற்றுக்காரர் என முடிவு கூறியது. ஒரே வடிவான இரு தட்டுக்கள் சென்னைக் கடையொன்றில் வாங்கப்பட்டன என்பதும் அதனுட் கண்டது.

இனி இதனை அளவை நெறியால் நோக்குவாம். தட்டு மெய்யாகவே ஒட்டிற்று என்று வைத்துக்கொள்வோம். அதனால் பெறப்படுவது யாது? புகையால் நெருப்பைக் கருதுதல் கூடும், என்னை? நெருப்பின்றிப் புகை யாண்டும் இன்மையின். அவ்வாறே தட்டு ஒட்டுதற்கும் மறுபிறப்பு உண்மைக்கும் விட்டு நீங்காத் தொடர்பு உளதோ? இல்லை. ஏது இல்வழிக் கருதல் அளவை எழாது. இனித் தட்டு பொய்யாயினும், அம்மையார் 1888 இல் வெளியிட்ட பெருநூலின் கொள்கை அதனாலேயே வீழ்ந்துவிடாது. அந்நூற்கொள்கை பதியை முதற்பொருளாகக் கொள்ளாமையின் சித்தாந்திகள் அதனை மறுப்பர். அம்மறுப்பிற்குக் கூலோம் தம்பதியர் சான்று வேண்டா. அச்சபையால் விளைந்த நன்மையை மறைத்தலும் சைவர்க்கு அழகன்று. ஆல்காட் 1886 இல் தொடங்கிய அடையாற்று நூலகம் அழியவிருந்த ஏட்டுச்சுவடிகள் பலவற்றைக் காத்துத் தந்துள்ளது.

இவ்வரலாற்றில் நெஞ்சை உறுத்துவது தட்டன்று, பேழையே. ஹாட்ஜ்ஸன் வந்து காணுமுன் அஃது எரிக்கப்பட்டுவிட்டது. எரித்தவர் பகைவர் அல்லர், அம்மையாரைச் சார்ந்தவரே. அவர் குற்றமுடையராயின் அதனைக் காட்டவும், குற்றமிலராயின் அவரை மீட்கவும் வல்ல காட்சிப்பொருள் அஃதொன்றே. அதனை அன்பே சாம்பலாக்கிற்று. அவதூறு வழக்குத் தொடுக்க அம்மையார் விரும்பியபோது, வேண்டாவெனத் தடுத்தவரும் சபையினரே. 1885 மார்ச்சில் நோயுற்றவராய்க் கப்பலேறினார். மீண்டும் இந்நாட்டை மிதித்திலர். 1891 இல் இலண்டனில் மறைந்தார். காட்சி ஒழியவே, கருதலும் பிறர் உரையுமே எஞ்சின. வழக்கு நூறாண்டு கடந்தும் தீர்ந்திலது. 1986 இல் வெர்னன் ஹாரிசன் என்னும் கையெழுத்தாராய்ச்சியாளர், ஹாட்ஜ்ஸன் அறிக்கை நடுவுநிலை தவறியதென்று அக்கழகத்தின் இதழிலேயே எழுதினார். அவரும் எஞ்சிய கடிதங்களை ஆராயலாமேயன்றிப் பேழையை எங்ஙனம் காண்பார்? நம் கோடாங்கி மழை வருமென்று கூறி மழை வாராதொழியின், அஃது ஊரறியப் பொய்த்தது. அவன் உடுக்கையை யாரும் எரித்து மறைப்பதில்லை. அவ்வளவில் கரிசற்காட்டார் அடையாற்றுக் கற்றோரினும் நேர்மையுடையர் என்னலாம்.

அற்றேல், வேடத்தையே மெய்ப்பொருளெனக் கொண்ட நாயனாரைப் போற்றும் நீவிர், பிறர் தம் ஆசிரியரை ஆராயாது நம்பியதைக் குறைகூறல் யாங்ஙனம் எனின், வினா வலியதே. முத்தநாதனும் யாண்டும் இல்லாத ஆகமம் ஒன்று கொணர்ந்தேன் என்றுதான் புகுந்தான். மறைபொருள் கூறுவார் பலர் வழியும் அதுவே. ஆயினும் நாயனார் செய்ததை உற்று நோக்குக. வணங்கியது திருநீற்று வேடத்தை. அவனிடம் அற்புதம் எதனையும் வேண்டிலர். கத்தி வெளிப்பட்டபின், அது கத்தியன்று என்று கூறிலர். தத்தன் அவனை ஊரெல்லை கடத்தி விடுகின்றான். வழிமறித்த மக்களுக்கு அரசர் ஆணை இன்னதென்று உரைக்கின்றான். நிகழ்ந்தது ஒன்றும் மறைக்கப்படவில்லை. வஞ்சத்தின் விலையை நாயனார் தம் உடம்பாலேயே கொடுத்தார். பேழையை எரித்தாரோ, விலையைத் தம் ஆசிரியர் தலைமேல் ஏற்றினர். இறந்த மகவின் சொல்லொன்று கேட்கலாகாதோ என்று ஆவியழைப்பார் வாயில்களில் ஏங்கி நிற்கும் தாய்மார் தலைமேலும் ஏற்றினர்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பெற்ற திருச்சுழியலில் 1879 இல் பிறந்த இரமண முனிவரை, 1911 இல் அண்ணாமலைக் குகையில் ஹம்பிரீஸ் என்னும் ஆங்கிலக் காவல் அதிகாரி கண்டார். மறைவான ஆற்றல்களில் வேட்கையுடைய அவர், யான் அற்புதம் செய்தல் கூடுமோ என்னும் பொருள்படக் கேட்டார். பண்டு அற்புதம் செய்தாரெனப்படும் பெரியோர், அவற்றைச் செய்பவர் தாமே என்னும் நினைவு உடையராயிருந்தனரோ என்று முனிவர் திருப்பி வினவினர். செய்பவன் யான் என்னும் முனைப்பு ஆணவத்தின் வழித்தாகலின், சித்தாந்திக்கு இவ்வினா புதிதன்று. ஹம்பிரீஸ் இவற்றையெல்லாம் கடிதங்களாக எழுதி அனுப்பினார். அவை வெளிவந்தது, ஆவிகளையும் அற்புதங்களையும் ஆராய்தற்கென்றே நடந்த இலண்டன் இதழொன்றில்.