மன்னிக்கிறவனுக்கே மன்னிப்பு



தினமும் வீட்டில் பரலோக மந்திரம் சொல்லுகிறோம். பிறர் குற்றத்தை நாம் பொறுக்கிற அளவிலேயே எங்கள் பாவத்தையும் பொறுத்தருளும் என்று அதில் சர்வேசுரனிடம் கேட்கிறோம். வரப்புத் தகராறினால் வருஷக்கணக்காய் அண்ணனோடு பேசாதவன் இதைச் சொல்லும்போது, "ஆண்டவரே, என்னை மன்னியாதேயும்" என்றல்லவா கேட்கிறான்!

அர்ச். மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்திலுள்ள உவமையை அறிவீர்கள். ஊழியன் அரசனுக்குப் பட்ட கடன் பத்தாயிரம் தாலந்து. உடன்ஊழியன் அவனுக்குப் பட்டதோ நூறு தெனாரியம். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒருநாள் கூலி. நூறு நாள் கூலி அற்பமல்ல. நமக்குப் பிறர் செய்த தீங்கும் அற்பமல்ல. ஆனால் பத்தாயிரம் தாலந்து ஏறக்குறைய ஆறு கோடி நாள் கூலி! அவ்வளவையும் அரசன் தள்ளிவிட்டான். அதைப் பெற்றவனே வெளியே போய் மற்றவன் கழுத்தைப் பிடித்தான்.

"மன்னிக்க மனம் வரவில்லையே, சுவாமி" என்பீர்கள். மனம் ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். மன்னிப்பு உணர்ச்சியல்ல, தீர்மானம். அது கால் எடுத்துவைப்பதில் தொடங்குகிறது.

மத்தியப் பிரதேசத்து உதய்நகரில் ஏழைகளை வட்டிக்காரர் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர், கேரளத்துக் கன்னியாஸ்திரியான ராணி மரியா. 1995 பிப்ரவரி 25-ந் தேதி, இந்தூர் செல்லும் வழியில், சமந்தர் சிங் என்பவன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். ஆயுள் தண்டனையும் பெற்றான். 2002-ல் அவருடைய தங்கை, கன்னியாஸ்திரி செல்மி பால், சிறைச்சாலைக்கே சென்று, அவன் கையில் ராக்கி கட்டி அவனைச் சகோதரனாக்கிக்கொண்டார். 2006-ல் விடுதலையான அவன், பின்பு கேரளத்துக்குச் சென்று, ராணி மரியாவின் பெற்றோரைக் கண்டான். 2017 நவம்பர் 4-ந் தேதி ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

கவனியுங்கள்: அந்தத் தங்கை குற்றத்தைக் குற்றமில்லையென்று சொல்லவில்லை. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. அவர் பகையை மட்டும் கைவிட்டார். குற்றவாளி தேடி வரட்டும் என்றும் இருக்கவில்லை.

உடன்பிறந்தவளின் இரத்தத்தை அவர் மன்னித்தார். நாமோ கண்மாய்த் தண்ணீருக்காகவும், கலியாண வீட்டில் குறைந்துபோன மரியாதைக்காகவும் சாவு வீட்டுக்கும் போகாமல் இருக்கிறோம்!

அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்குமுன், பேச்சு நின்றுபோன அந்த ஒரு வீட்டுப் படியேறுங்கள். "சௌக்கியமா?" என்ற ஒரு சொல் போதும். அவர்கள் முகம் திருப்பினாலும், உங்கள் பங்கை நீங்கள் செய்தாயிற்று. அன்றிரவு பரலோக மந்திரத்தைப் பயமின்றிச் சொல்லலாம்.

உங்கள் பங்குக்குரு