அழைத்தபோது வந்தவர்கள்

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் புறக்கணித்தன. பெண்கள் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. ஆட அணிகள் இல்லை!

ஏப்ரலில் விடுதலை பெற்ற ஜிம்பாப்வேக்கு, போட்டி தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது அழைப்பு வந்தது. அவசரமாக ஓர் அணி திரட்டப்பட்டது. (பழைய இனவெறி ஆட்சியின் மிச்சமாக, அதில் ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) புல்தரையில் பழகிய அவர்களுக்குச் செயற்கைத் தரை புதிது. ஆனாலும் சோவியத் அணியை அதன் மண்ணிலேயே 2-0 என வீழ்த்தினார்கள். இந்தியாவுடன் 1-1 சமன். கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 4-1 என வென்றதும் தங்கம் கைக்கு வந்தது.

வலுவான அணிகள் வராததால் கிடைத்த பதக்கம் என்று குறைத்துப் பேசுவது நியாயமில்லை. அந்தத் தொடரில் ஜிம்பாப்வே ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.