பாவம் ஓரிடம், வரி ஓரிடம்

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தவனைக் கண்டு இரங்கும்போது இதைச் சொல்லுவோம். இதற்கு வேறொரு பொருளும் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவன் ஒரு பாவத்தைச் செய்கிறான். அதற்காக அவன் அகப்படுவதில்லை. அவனே இன்னொரு பாவத்தையும் செய்கிறான், அதற்காக அகப்பட்டுக்கொள்கிறான். பழி விழுந்தது என்னவோ அவன் தலையில்தான். ஆனால் எதற்காக விழ வேண்டுமோ அதற்காக விழவில்லை. இதை நியாயம் என்று சொல்லலாமா?

உலகம் அறிந்த உதாரணம் அல் கபோன். சிகாகோ நகரத்தையே ஆட்டிப் படைத்த கள்ளச் சாராயச் சக்கரவர்த்தி. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று ஏழு பேர் சுவரோரமாக நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஊர் முழுவதும் அவன் பெயரைத்தான் முணுமுணுத்தது. ஆனால் முணுமுணுப்பைச் சாட்சியாக எந்த நீதிபதி ஏற்பார்? கடைசியில் 1931-இல் அவனைச் சிறைக்கு அனுப்பியது வருமான வரிச் சட்டம். முறைகேடாக வந்த வருமானத்துக்கும் வரி உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-இலேயே சொல்லியிருந்தது. பதினோரு ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம். அதிகாரிகளுக்குத் துப்புக் கொடுத்தவர்களில் ஒருவர் எட்வர்ட் ஓஹேர் என்ற வழக்கறிஞர். கபோனுடன் தொழில் உறவு வைத்திருந்தவர். 1939 நவம்பர் 8 அன்று அவர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டாம் நாள் கபோன் விடுதலையானான்.

இந்த வழியைக் கொள்ளைக்காரர்களோடு நிறுத்திக்கொள்வானேன் என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டு வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் வலிமையைக் காட்டிக் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் சிலர், வீட்டுக்கு வந்து அதே வலிமையை மனைவியிடம் காட்டுகிறார்கள். புகார் எழுதப் போனால் எழுதிக்கொள்ள வேண்டியவரே ரசிகராக இருக்கிறார். அடித்தான் என்பதற்குச் சாட்சி கிடைப்பதில்லை. பணத்துக்கோ தடயம் இருக்கிறது. ஆகவே, அவன் கணக்கில் மறைத்ததை வரி இலாகாவுக்கு எழுதிப் போட்டால் என்ன?

யோசனை கவர்ச்சியானதுதான். நேர்வழி எவ்வளவு நீளமானது என்பதை நினைத்தால் இன்னும் கவர்ச்சி கூடுகிறது. 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில் ஒரு தெருச் சண்டை. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து அடித்ததாகச் சொல்லப்பட்ட 65 வயதுப் பெரியவர் இறந்துபோனார். 1999-இல் கீழ் நீதிமன்றம் சித்துவை விடுதலை செய்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம், காயப்படுத்திய குற்றம் மட்டுமே உறுதியாயிற்று என்று கூறி ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு முடித்தது. இறந்தவரின் குடும்பத்தார் விடவில்லை. மறுசீராய்வு கேட்டார்கள். 2022 மே 19 அன்று ஓர் ஆண்டுக் கடுங்காவல் கிடைத்தது. குத்துச்சண்டைக்காரர், மல்லர், கிரிக்கெட் வீரர் போன்ற உடற்கட்டு உள்ளவர்களுக்குக் கையே ஆயுதமாகலாம் என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் சொன்னார்கள். அந்த ஒரு சொல் வெளியே வர முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! அத்தனை காலம் காத்திருக்க எத்தனை குடும்பங்களால் முடியும்?

இனி, ஒரு கதை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கதைக்காரனுக்குத் தர்க்கத்தைவிட மனிதர்களை வைத்து யோசிப்பது எளிது.

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். குழித்தறியில் அண்ணன் கோர்வைச் சேலை நெய்துகொண்டிருக்கிறான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். மறுபக்கத்தில் உதவிக்கு ஒரு பையன். தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் பெரிய இடம். மாப்பிள்ளை பெயர் பெற்ற கபடி ஆட்டக்காரன். 2014-இல் புரோ கபடிப் போட்டி தொடங்கிய பிறகு, மண்ணில் புரண்டவர்கள் கையில் இலட்சங்கள் புரள்கின்றன. 2022 ஏலத்தில் ஓர் ஆட்டக்காரரின் விலை இரண்டு கோடி ரூபாயைத் தாண்டியது. நம் மாப்பிள்ளைக்குக் கோடி இல்லாவிட்டாலும் குறைவில்லை. கடை திறப்பு விழாவுக்குப் போனால் கவரில் ரொக்கம். ஊர்ப் போட்டிக்குப் போனால் ரொக்கம். அந்த ரொக்கத்தில் வாலாஜாபாத் சாலையில் ஒரு மனை வாங்கியிருக்கிறான். பத்திரம் மனைவியின் பேரில்.

ஆடி மாதம் தங்கை பிறந்த வீட்டுக்கு வருகிறாள். முந்தானையை இழுத்து இழுத்துத் தோளை மூடிக்கொள்கிறாள்.

"என்னம்மா அது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன், அண்ணா."

"போன தீபாவளிக்கும் கதவுதான் இடிச்சுதா?"

அவள் பதில் சொல்லவில்லை. அண்ணன் ஸ்டேஷனுக்குப் போய் வாசலிலேயே திரும்பி விடுகிறான். உள்ளே மாப்பிள்ளையோடு இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருக்கிறது. இரவு முழுவதும் தூக்கமில்லை. விடியற்காலையில் ஒரு நினைப்பு வருகிறது. மனை வாங்கிய ரொக்கத்தைப் பற்றி அவனுக்குத் தெரியும். தேதி தெரியும், தொகை தெரியும். ஒரு மனு எழுதினால் போதும்.

இந்தக் கதைக்கு நான் காஞ்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சாட்சி என்பது எவ்வளவு நொய்ந்த நூல் என்பதைக் கண்ட ஊர் அது. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே கோயில் மேலாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்ந்தார்கள். 2013 நவம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானார்கள். அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்பது தீர்ப்பு. அதற்கு மேல் அவர்களைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த மனிதரைக் கொன்றது யார் என்ற கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது.

அதே ஊரில்தான் ஸ்ரீதர் தனபாலின் கதையும் நடந்தது. கொலை, மிரட்டல் என்று பல வழக்குகள் அவர்மேல் இருந்தன. வெளிநாட்டுக்குத் தப்பிப் போனார். சட்ட விரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ் அமலாக்கத் துறை அவருடைய சொத்துக்களை முடக்கியது. ஆளைப் பிடிக்க முடியாத சட்டம் பணத்தைப் பிடித்தது! 2017 அக்டோபரில் அவர் கம்போடியாவில் இறந்தார். அவர்மேல் நிலுவையில் இருந்த வழக்குகள் அவரோடு முடிந்தன. சொத்து அகப்பட்டது சரி. ஆனால் அடிபட்டவர்கள் கூண்டில் ஏறி, 'இவர்தான்' என்று சொல்லும் நாள் வரவே இல்லை.

இனி அண்ணனின் மனுவுக்கு வருவோம். அதை ஆதரித்துச் சொல்ல நிறைய இருக்கிறது. வரி ஏய்ப்பும் குற்றம்தானே? இல்லாததைச் சொல்லவில்லையே? துப்புக் கொடுப்பது இழிவு என்பார்கள். ஆனால் அர்த்தசாஸ்திரம் அப்படி நினைக்கவில்லை. அரசாங்கப் பணம் கையாடப்பட்டதைத் துப்புச் சொல்லி நிரூபிப்பவனுக்கு ஆறில் ஒரு பங்கு கொடுக்கச் சொல்கிறது. நிரூபிக்கத் தவறினால் தண்டிக்கவும் சொல்கிறது. நம் மத்திய அரசும் 2018-இல் ஒரு திட்டம் அறிவித்தது: உள்நாட்டு வருமானத்தில் பெரிய ஏய்ப்பைச் சொன்னால் 50 லட்சம் ரூபாய் வரை, வெளிநாட்டில் பதுக்கியதைச் சொன்னால் 5 கோடி வரை சன்மானம். அமெரிக்காவிலோ 2012-இல் ஒரு சுவிஸ் வங்கியின் இரகசியத்தைச் சொன்னவருக்கு 10 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அந்த மனுவைத் தபாலில் சேர்த்த பிறகு என்ன நடக்கும்?

முதலாவதாக, நோட்டீஸ் யார் பேருக்கு வரும்? மனை தங்கையின் பேரில் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி முதலில் அவள் வாசலுக்குத்தான் வரும். அடிக்கும் கையைப் பிடிக்க விரித்த வலையில் அடிபட்டவளே முதலில் சிக்குவாள். நாளைக்கு அவள் தனியே வாழ வேண்டி வந்தால் கைகொடுக்கக் கூடியதும் அந்த மனைதான்.

இரண்டாவதாக, மனுவை எழுதாமலே பயன்படுத்தலாமே என்ற ஆசை அண்ணனுக்கு வரும். "இனி கை வைத்தால் எழுதிப் போட்டு விடுவேன், மாப்பிள்ளை!" என்று சொன்னால் போதாதா? போதும், ஒருவேளை. ஆனால் அன்று முதல் தங்கையின் தோளுக்கு ஒரு விலை வந்து விடுகிறது. அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய பணம் அண்ணன் வாயில் பூட்டாகத் தொங்குகிறது. நேற்றுவரை ஒருவன் செய்த குற்றத்தில் இன்று இரண்டு பேருக்குப் பங்கு.

மூன்றாவது இன்னும் முக்கியமானது. மாப்பிள்ளை இதிலிருந்து என்ன பாடம் கற்றுக்கொள்வான்? கையை அடக்கக் கற்றுக்கொள்வான் என்றா நினைக்கிறீர்கள்? நல்ல ஆடிட்டரை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்வான். தண்டனை எந்தப் பெயரில் வருகிறதோ அந்தப் பாடத்தைத்தான் மனிதன் படிக்கிறான். அதோடு, தன்னையே பாதிக்கப்பட்டவனாகக் காட்டிக்கொள்ளவும் வழி பிறக்கிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் 1995 அக்டோபர் 3 அன்று தம் முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்ற வழக்கில் விடுதலையானார். சரியாகப் பதின்மூன்று ஆண்டு கழித்து, 2008 அக்டோபர் 3 அன்று, ஆயுதம் தாங்கிய கொள்ளை வழக்கில் குற்றவாளி ஆனார். பழைய கணக்கு தீர்ந்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள். பழைய கணக்குக்காகவே இந்தக் கடுமை என்று சிலர் முறையிட்டார்கள். ஒன்பது ஆண்டு சிறையில் இருந்தார். அந்த ஒன்பது ஆண்டும் கொள்ளைக்காகத்தான். இறந்த இருவருக்காக அவர் ஒரு நாளும் சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை.

காஞ்சிக்கு அருகே உத்தரமேரூர் இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், 919, 921-ஆம் ஆண்டுகளில், பராந்தக சோழன் காலத்துச் சபையார் ஊர் வாரியங்களில் யார் யார் இடம்பெறலாகாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் ஆகாது. மாபாதகம் செய்தவன் ஆகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் ஆகாது. கவனியுங்கள்: ஒவ்வொன்றையும் தனித்தனியே, அதனதன் பெயரால் சொல்லியிருக்கிறார்கள். பாதகம் செய்தவனைக் கணக்கு விதியில் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

பாண்டியன் அவையில் கண்ணகி நின்றபோது அவள் கேட்டது சிலம்பின் விலையையா? அரண்மனைப் பொற்கொல்லன் திருடன் என்று மட்டும் தீர்ப்பாகி, அவன் கழுவேறியிருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாளா? 'என் கணவன் கள்வன் அல்லன்' என்பதை அந்த அவை ஒப்ப வேண்டும் என்றுதான் அவள் நின்றாள். அநீதிக்கு ஆளானவருக்கு முதல் தேவை இதுதான்: எனக்கு இன்னது நடந்தது என்று சபை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிரி கஷ்டப்படுவது அதற்கு அடுத்தது. வரி மனு அந்த இரண்டாவதைக் கொடுத்துவிட்டு, முதலாவதைக் கொடுத்துவிட்டதாக நம்மை ஏமாற்றுகிறது. 'எப்படியோ தண்டனை கிடைத்ததே!' என்று ஊர் பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சோடு, சாட்சி சொல்ல வராத தன் வெட்கத்தையும் மறந்துவிடும்.

'எல்லாம் அழகான பேச்சு. இன்று இரவு அவளுக்கு அடி விழாமல் இருக்க என்ன வழி?' என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சட்டம் அவளுக்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்டிரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இருக்க இடமும் ஜீவனாம்சமும் கேட்கலாம். உத்தரவை மீறினால் அதுவே குற்றம். 1992 முதல் தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. சாட்சிகளைக் காக்க ஒரு திட்டத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சாதிக்கவில்லை. தட்டாத கதவு திறக்காது என்று மட்டும் சொல்கிறேன். தட்டுவதற்கு அவளுக்குத் துணை வேண்டும். அந்தத் துணையாக இருப்பதுதான் அண்ணனின் முதல் வேலை. விடியற்காலையில் கையெழுத்தில்லாத மனு எழுதுவதைவிட அதற்கு அதிகத் தைரியம் வேண்டும். நெய்கிறவன் மாப்பிள்ளை வீட்டைப் பகைத்துக்கொள்ள வேண்டும். தெருவின் பேச்சைத் தாங்க வேண்டும். தங்கை தயங்கினால் பொறுத்திருக்கவும் வேண்டும். ஏனென்றால் அடி அவளுடையது. அதைச் சொல்வதா வேண்டாமா என்பதும் அவள் முடிவு.

ஆகவே என் கதையில் அண்ணன் முதலில் பேனாவை எடுக்க மாட்டான். தறியை நிறுத்திவிட்டுத் தங்கையின் பக்கத்தில் உட்காருவான். அவள் சம்மதித்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவான். அங்கே ஒரு டாக்டர், கதவு அல்ல, கை என்று எழுதுவார். மாப்பிள்ளையின் ரொக்கத்தைப் பற்றியும் அவன் பிறகு எழுதலாம். அது ஒரு குடிமகனின் கடமை, செய்யட்டும். தங்கைக்கு என்ன வருமென்று ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு, உண்மையை மட்டும், தன் பெயரைப் போட்டு எழுதட்டும். ஆனால் அந்த மனுவில் வரியைப் பற்றி மட்டுமே இருக்கட்டும். தங்கையின் வழக்கு வேறு. அது அவள் பெயரிலேயே நடக்கட்டும்.