இரண்டெழுத்தில் நான்கு வேலை

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளை முதல் வாரத்திலேயே 'இஸ்' என்ற சொல்லைச் சந்தித்துவிடும். இரண்டே எழுத்து. அகராதியில் தேடினால் பெரும்பாலும் 'பீ' என்ற வினையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அங்கே போனால் பீ, அம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் என்று எட்டு உருவங்கள் நிற்கும். ஒரே வினையின் வடிவங்கள் என்று சொல்லப்படும் இவற்றில் பலவற்றுக்கு முகச்சாயல்கூட ஒத்துப்போவதில்லை.

காரணம், இவை ஒரே வினையாகப் பிறக்கவில்லை. குறைந்தது மூன்று பழைய இந்தோ-ஐரோப்பிய வினைகள் காலப்போக்கில் ஒட்டி ஒன்றாகியிருக்கின்றன. முதலாவது, 'உள்ளது' என்ற பொருள் கொண்ட வேர். சமஸ்கிருதத்தின் 'அஸ்தி', லத்தீனின் 'எஸ்ட்', ஜெர்மனின் 'இஸ்ட்', ஆங்கிலத்தின் 'இஸ்', 'அம்' எல்லாம் அதன் கிளைகள். 'ஆர்' இதைச் சேர்ந்ததா என்பதில் மொழியியலாருக்குள் உடன்பாடு இல்லை. இரண்டாவது வேருக்கு 'வளர்தல், ஆதல்' என்று பொருள். ஆங்கிலத்தில் அது 'பீ', 'பீன்' ஆயிற்று. சமஸ்கிருதத்தில் பவம், பூதம், பூமி ஆகிய சொற்களைத் தந்தது. மூன்றாவது 'தங்குதல்'. அதிலிருந்து வந்தவை 'வாஸ்', 'வேர்'. வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த 'வாசம்', 'வசித்தல்' இரண்டும் இவற்றின் தூரத்து உறவு. ஒருவர் கும்பகோணத்தில் வசிக்கிறார் என்று எழுதும்போது ஆங்கிலத்தின் இறந்தகால வினைக்குப் பங்காளியான ஒரு சொல்லைத்தான் எழுதுகிறோம்.

முதல் வேரின் குடும்பம் சமயத்துக்குள் ஆழமாகப் போயிருக்கிறது. உள்ளது என்ற பொருளில் 'சத்', அதிலிருந்து 'சத்தியம்'. 'அஸ்தி' என்பவன் ஆஸ்திகன், 'ந அஸ்தி' என்பவன் நாஸ்திகன். தமிழின் ஆத்திகமும் நாத்திகமும் ஒரு வினைமுற்றின்மேல் எழுந்த சொற்கள். உண்மையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லான 'சூத்' இதே வேரில் பிறந்தது. உள்ளதே உண்மை என்ற எண்ணம் இரு மொழிகளிலும் சொல்லுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது.

பிறப்பு மூன்று என்றால் வேலை அதற்கும் மேல். 'சாக்ரடீஸ் இஸ் வைஸ்' என்னும்போது அந்தச் சொல் ஒரு பண்பை ஆளோடு சேர்க்கிறது. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்றே என்று சொல்ல வரும்போது அதே சொல் சமக்குறி போல நிற்கிறது. 'காட் இஸ்' என்று நிறுத்தினால் இருப்பை அறிவிக்கிறது. திமிங்கிலம் பாலூட்டி என்னும்போது ஒரு வகையை இன்னொரு வகைக்குள் அடக்குகிறது. தர்க்கவியலாளர் ஃப்ரேகெ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். பண்பேற்றலுக்கும் சமனுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது மனித இனத்துக்கே அவமானம் என்று 1919இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எரிச்சலோடு எழுதினார். மனித இனம் என்றது சற்று அதிகம். எல்லா மொழியும் அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

இந்தக் குழப்பத்தின் முதல் பெரிய அறுவடை கிரேக்கத்தில். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பார்மெனிடீஸ், உள்ளது மட்டுமே உள்ளது, இல்லாததை எண்ணவும் முடியாது என்று வாதிட்டு, மாற்றமும் பன்மையும் பொய் என்ற முடிவுக்குப் போனார். பிளேட்டோ விடை தேடினார்: ஒன்று இன்னொன்று 'அல்ல' என்றால் அது வேறானது என்றே பொருள், அடியோடு இல்லை என்றல்ல. அரிஸ்டாட்டில், இருப்பு என்ற சொல் பல பொருளில் வழங்குகிறது என்று சொல்லிவிட்டு அவற்றை வகைப்படுத்த உட்கார்ந்தார்.

பிளேட்டோ ஒரு நூல் எழுதிப் பிரித்த முடிச்சைத் தமிழ் எழுத்துவழக்கு இரண்டு சொல்லால் பிரித்தே வைத்திருக்கிறது. கயிற்றைப் பார்த்து மிரண்டவனிடம் 'இது பாம்பு அல்ல' என்கிறோம்; தேடிப் பார்த்தபின் 'இங்கே பாம்பு இல்லை' என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இஸ் நாட்' போதும். (பேச்சுத்தமிழும் இப்போது எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று ஒப்பேற்றிவிடுகிறது.) உடன்பாட்டிலும் அப்படித்தான்: பசு உண்டு என்பதற்கு 'உண்டு' வேண்டும், பசு கறுப்பு என்பதற்கு வினையே வேண்டாம். எழுவாய் ஏற்கும் பயனிலைகளை ஆறாக வகுத்த தொல்காப்பியம் பொருளின் இருப்பைச் சுட்டுவதையும், பண்பைச் சொல்வதையும், பெயரே பயனிலையாக வருவதையும் தனித்தனியாக எண்ணுகிறது.

சொல் ஒன்று, பொருள் பல என்பது சமயத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1529 அக்டோபரில் மார்புர்க் கோட்டையில் பார்க்கலாம். சீர்திருத்தத் திருச்சபையினரை ஒன்றாக்க நினைத்த ஹெஸ்ஸே நாட்டு பிலிப், லூத்தரையும் ஸ்விங்லியையும் எதிரெதிரே உட்காரவைத்தார். கடைசி இராவுணவில் அப்பத்தைக் காட்டி, அது தம் உடல் என்று இயேசு சொன்னதற்கு என்ன பொருள்? அதிலுள்ள 'எஸ்ட்' என்பதற்குக் 'குறிக்கிறது' என்று பொருள் என்றார் ஸ்விங்லி. தம்மைத் திராட்சைச் செடி என்றும் இயேசு சொன்னாரே, அவர் செடியா என்று கேட்டார். லூத்தர் வந்ததும் சுண்ணக்கட்டியால் மேசைமேல் அந்த லத்தீன் வாக்கியத்தை எழுதி, அதன்மேல் விரிப்பைப் போட்டு மூடியிருந்தார். வாதம் முற்றியபோது விரிப்பை விலக்கி எழுத்தைக் காட்டினார். இறுதியில் வரைந்த பதினைந்து கூற்றுகளில் பதினான்கில் இரு தரப்பும் ஒத்துப்போயின. பதினைந்தாவதில் இந்த ஒரு புள்ளியில் பிரிந்தன. இயேசு பேசிய அரமேயத்தில் இத்தகைய வாக்கியத்துக்கு வினையே தேவையில்லை என்பது இதில் உள்ள வேடிக்கை.

இதற்கு இணையான வழக்கு இந்தியாவிலும் நடந்தது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்கு ஒன்பது முறை சொல்லும் தத்துவமசி ('அது நீ') என்ற மகாவாக்கியத்தின் கடைசிச் சொல் 'அஸி'; மேலே கண்ட 'அஸ்தி'யின் முன்னிலை வடிவம். சங்கரர் அதை முழு ஒருமையாகக் கொண்டார். உயிரை உடலாகக் கொண்ட பிரமத்தையே 'நீ' என்ற சொல் குறிக்கிறது என்று இராமாநுசர் உறவை மாற்றி அமைத்தார். மத்துவரோ வாக்கியத்தைப் பிரிக்கும் இடத்தையே மாற்றி, 'நீ அது அல்லை' என்று படித்தார். ஆனால் சமஸ்கிருதத்தில் 'அஸி'யை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும், சண்டையும் நிற்கும். பொருளில் உள்ள சிக்கலுக்குச் சொல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அரிஸ்டாட்டிலின் வகைகள் கிரேக்க இலக்கணத்தின் நிழல் என்று 1958இல் மொழியியலாளர் பென்வெனிஸ்ட் வாதிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஏவே மொழியில் இந்த ஒரு வினையின் இடத்தில் பல வினைகள் இருப்பதை எடுத்துக்காட்டினார். வாதத்தில் பாதி உண்மை உண்டு. அரபியிலும் நிகழ்கால இணைப்பு வினை இல்லை. கிரேக்க நூல்களைப் பெயர்த்தவர்கள் 'கண்டெடுக்கப்பட்டது' என்ற பொருள்கொண்ட 'மவ்ஜூத்' என்பதை இருப்புக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தத் தொல்லையை மெய்யியலாளர் அல்-ஃபாராபி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு பொருள் என்ன என்பதும் அது உண்டா என்பதும் வேறுவேறு கேள்விகள் என்று தெளிவாக நிறுவிய இப்னு சீனா எழுதியது அந்த அரபியில்தான். சொல் இல்லாத மொழி சிந்தனையைத் தடுக்கவில்லை. உதவியது என்றே சொல்லலாம்.

ஐரோப்பாவில் அந்தப் பிரிவு கடவுள் வாதத்துக்குள் புகுந்தது. அதைவிடப் பெரியதை எண்ணமுடியாத ஒன்று கடவுள், ஆகவே அது இருந்தே தீரவேண்டும் என்று 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் வாதிட்டார். இருப்பு ஒரு பண்பல்ல என்று 1781இல் காண்ட் மறுத்தார். மனத்தில் எண்ணிய நூறு தாலர் நாணயத்துக்கும் பையில் உள்ள நூறுக்கும் தொகையில் ஒரு காசும் வேறுபாடு இல்லை. இருப்பு எதையும் கூட்டுவதில்லை.

கடவுளின் பெயரிலும் இதே சிக்கல்தான்: யாத்திராகமத்தில் மோசே கடவுளிடம் பெயர் கேட்டபோது வந்த விடையின் எபிரேய வினைக்கு 'இருத்தல்', 'ஆதல்' இரண்டும் பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பு அதை 'உள்ளவர்' என்று உறையவைத்தது. அக்குவினாஸ் அதையே கடவுளுக்கு மிகப் பொருத்தமான பெயர் என்றார். லூத்தர் ஜெர்மனில் எதிர்காலமாக எழுதினார். பழைய தமிழ் விவிலியம் 'இரு' என்ற வினையை எடுத்துக்கொண்டது. கடவுளை அன்பு என்று சொல்லும் யோவானின் வாக்கியத்திலும், தமிழுக்குத் தேவையில்லாத இடத்தில், அதே 'இரு' வந்து உட்கார்ந்திருக்கிறது.