வந்து போகிறவை

நம்ம ஊரில் யாராவது "இப்போ என்ன பருவம்?" என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். வெயில், இல்லாவிட்டால் மழை. அவ்வளவுதானே! கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் 20 நிமிடத்துக்குச் சற்றே அதிகம். சுங்கை வேயில் வளர்ந்த எனக்குச் சூரியன் என்பவர் காலை ஏழே கால் வாக்கில் வந்து, மாலை ஏழே கால் வாக்கில் வீட்டுக்குப் போகிறவர். லீவே போடமாட்டார்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு கல்வியாண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் பொறியியல் படித்தேன். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பகல் ஏறக்குறைய ஏழரை மணி நேரம்தான். குளிரை ஜாக்கெட் போட்டுச் சமாளித்துவிடலாம். இருட்டுக்கு எந்த ஜாக்கெட்டைப் போடுவது? பாடம் நன்றாகப் போனது, நண்பர்கள் இருந்தார்கள், ரசம் வைக்கக்கூடக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் காரணமே இல்லாமல் மனசு கனத்தது. மார்ச்சில் பகல் நீண்டதும் அந்தக் கனம் தானாக இறங்கிவிட்டது. அதற்காக நான் எதுவுமே செய்யவில்லை.

எனக்கு உறுத்தியது அதுதான். வெளிச்சம் குறைந்தால் துக்கம், கூடினால் சந்தோஷம் என்றால், மனம் என்ன கூரைமேல் வைக்கும் சோலார் தகடா? 'என் துக்கம்' என்று நான் நினைத்தது உண்மையில் யாருடையது?

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம், 14ஆம் சுலோகத்தில் கண்ணன் இதைத்தான் தொடுகிறான். குளிரும் வெப்பமும், இன்பமும் துன்பமும் புலன்கள் வெளியுலகைத் தொடுவதால் வருபவை. வந்து போகிறவை, நிலையில்லாதவை. அவற்றைப் பொறுத்துக்கொள் என்கிறான். நம்மில் பலர் காதில் விழுவது கடைசிச் சொல் மட்டும். 'பொறுத்துக்கோ' என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இரு என்று எடுத்துக்கொள்கிறோம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணன் முதலில் பார்க்கச் சொல்கிறான், பிறகுதான் பொறுக்கச் சொல்கிறான். வந்து போகிற ஒன்று நானாக இருக்க முடியாது என்று தெரிந்தால்தான் பொறுமை வரும். இன்னொன்றும் இருக்கிறது. அர்ஜுனன் கை நடுங்குகிறது, வில் நழுவுகிறது என்று முதல் அத்தியாயத்தில் வாய்விட்டுச் சொல்கிறான். அவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் நமக்குக் கீதையே கிடைத்திருக்காது.

பருவம் மனசைத் தொடும் என்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் வைத்தது. பிரிந்தவருக்காகக் காத்திருக்கும் மனம் அந்தத் திணைக்கு உரியது. அமெரிக்காவில் 1984இல் நார்மன் ரோசந்தால் குழுவினர் குளிர்காலத்தில் வந்து, வசந்தத்தில் விலகும் மனச்சோர்வை ஒரு நோயாக விவரித்தார்கள். பிரகாசமான விளக்கொளியால் சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். குளிருக்குப் போர்வை போர்த்துவது கோழைத்தனம் இல்லையே. வாரக்கணக்கில் தூக்கமும் படிப்பும் கெட்டால் மருத்துவரிடம் போவதும் அப்படித்தான். பொறுமைக்கு அது விரோதம் இல்லை.

ஊர் திரும்பியதும் இதைப் பாட்டியிடம் சொன்னேன். கிள்ளான் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "ஏன்யா, நம்ம தோட்டத்துல மட்டும் இலை கொட்டாதா?" என்றார். உண்மைதான். ரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை முழுவதையும் உதிர்க்கும். புது இலை துளிர்த்து முற்றும்வரை பால் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். பருவமே இல்லை என்று நான் சொன்ன ஊரில், பாட்டி ஆண்டுதோறும் ஓர் இலையுதிர் காலத்தைத் தாண்டியிருக்கிறார்.

"எப்படிப் பாட்டி சமாளிச்சீங்க?"

"பக்கத்து வீட்டுல அரிசி கைமாத்து, கடையில கடன். எல்லா வீட்லயும் அதே கதைதானே. பால் குறைஞ்சா வெட்டுறவ கையையா குத்தம் சொல்வாங்க? இது மரம் இலை கொட்டுற நேரம்னு எல்லாருக்கும் தெரியும்யா."

எனக்கு விடை அங்கேதான் கிடைத்தது. பாட்டி பொறுத்தார், ஆனால் தனியாகப் பொறுக்கவில்லை. இது பருவம், போய்விடும் என்று லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அதனால் கேட்பவருக்கும் கூச்சமில்லை, கொடுப்பவருக்கும் பெருமையில்லை.

நம்மிடையே இன்று அது குறைந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. வேலை போன அண்ணன், பரீட்சையில் தவறிய தம்பி, விடுதி அறையை விட்டு வெளியே வராத தோழி என்று இலை கொட்டும் காலத்தில் இருப்பவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாமோ "சோம்பேறி" என்கிறோம், மிஞ்சிப்போனால் "பொறுத்துக்கோ" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறோம். நண்பர்களே, அதைச் சொல்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பக்கத்தில் உட்காருவோம். கண்ணன்கூடத் தேரை நிறுத்தி, அர்ஜுனன் சொன்னதை முழுவதும் கேட்ட பிறகுதான் பேசினான்.